கிராண்ட் மறுக்கப்பட்டுவிட்டது: வக்கீலுக்குப் பணம் கொடுக்க வேண்டுமா?

வாசகர் கேள்வி: ஐயா, நாங்கள் டர்பனில் சாட்ஸ்வர்த் பகுதியில் வசிக்கிறோம். அம்மாவுக்கு வயது 53. தையல் தொழிற்சாலையில் 24 வருடம் மெஷின் ஓட்டியவர். சென்ற அக்டோபரில் பக்கவாதம் வந்தது. வலது கையில் இன்னும் பிடிமானம் இல்லை, பேச்சும் குழறுகிறது. மார்ச் மாதம் சாஸாவில் (தென்னாப்பிரிக்க அரசின் சமூகப் பாதுகாப்பு முகமை) மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு, அதாவது கிராண்டுக்கு, விண்ணப்பித்தோம். மருத்துவ ரீதியில் தகுதி இல்லை என்று கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. 3,500 ரேண்ட் முன்பணம் கொடுத்தால் முடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கடன் வாங்கியாவது கொடுத்துவிடலாமா? அல்லது புதிதாக விண்ணப்பிப்பதே நல்லதா? அப்பா இல்லை. வீட்டில் நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன்.

பதில்:

அந்த 3,500 ரேண்டைக் கொடுக்காதீர்கள். கடன் வாங்கித் தர வேண்டாம், கையில் இருந்தாலும் தர வேண்டாம். சாஸாவில் விண்ணப்பிப்பதற்குக் கட்டணம் கிடையாது. மறுக்கப்பட்ட பிறகு மேல்முறையீடு செய்வதற்கும் கிடையாது. "உள்ளே ஆள் இருக்கிறது, கோப்பை நகர்த்தித் தருகிறேன்" என்று சொல்பவர், நீங்களே ஒரு மாலைப்பொழுதில் எழுதக்கூடிய கடிதத்தைத்தான் உங்களுக்கு விற்கிறார். சில சமயம் அதைக்கூட எழுதுவதில்லை. உங்களுக்கு உதவி வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கட்டத்துக்கு உரிய உதவி இலவசமாகவே கிடைக்கிறது.

முதலில் நிராகரிப்புக் கடிதத்தை எடுத்து, அது கைக்கு வந்த நாளைப் பாருங்கள். முடிவு தெரியவந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். ஆறு வாரம் என்றால் 42 நாள் போய்விட்டது, மீதி 48 நாள் இருக்கிறது. கெடு தவறினாலும், தக்க காரணம் காட்டி, தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி மேல்முறையீட்டை விசாரிக்கும் தீர்ப்பாயத்தைக் கேட்கலாம். ஆனால் அதைக் கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் கையில். இருக்கிற 48 நாட்களை விட்டுவிடாதீர்கள்.

புதிதாக விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சாஸா வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் சொல்லும் யோசனை அது. அதில் ஒரு நட்டம் மறைந்திருக்கிறது. உதவித்தொகை அனுமதிக்கப்பட்டால் விண்ணப்பித்த நாளிலிருந்தே கணக்கிட்டுத் தருவார்கள். மேல்முறையீட்டில் வென்றால் மார்ச் மாதத்திலிருந்து பாக்கி வரும். புதிதாக விண்ணப்பித்தால் இன்றிலிருந்துதான் கணக்கு தொடங்கும். 2025-ல் இந்தத் தொகை மாதம் 2,300 ரேண்டுக்குச் சற்று மேல். நான்கைந்து மாதப் பாக்கி என்பது உங்களைப் போன்ற ஒரு குடும்பத்துக்குச் சிறிய பணமில்லை.

உங்கள் சம்பளத்தைப் பற்றிய கவலையும் கடிதத்தில் தெரிகிறது. வருமானச் சோதனையில் அவர்கள் பார்ப்பது விண்ணப்பதாரரின் வருமானத்தையும் சொத்தையும், மணமானவர் என்றால் துணைவரின் வருமானத்தையும்தான். வயது வந்த மகளின் சம்பளம் அதில் சேராது. எப்படியிருந்தாலும் உங்களை மறுத்தது மருத்துவக் காரணத்துக்காக. சண்டை அங்கேதான்.

2004-ஆம் ஆண்டின் சமூக உதவிச் சட்டம் "என்ன நோய்" என்று கேட்பதில்லை. உடல் அல்லது மனக் குறைபாட்டால், வேலை செய்தோ தொழில் நடத்தியோ தன்னைப் பராமரித்துக்கொள்ளும் அளவுக்குச் சம்பாதிக்க இயலாதவரா என்பதுதான் அதன் கேள்வி. இதோடு வயது 18 முதல் 59 வரை இருக்க வேண்டும், குறைபாடு ஆறு மாதத்துக்கு மேல் நீடிப்பதாக இருக்க வேண்டும். இத்தனை வருடத்தில் நான் பார்த்த மறுப்புகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடந்தன. கோப்பில் நோயின் பெயர் இருக்கும். அந்த நோய் அந்த மனிதரின் வேலையை என்ன செய்தது என்பது ஒரு வரிகூட இருக்காது.

ஒரு கட்டுமானத் தொழிலாளி என்னிடம் வந்தார். அவருடைய மருத்துவர் கொடுத்த கடிதத்தில் "சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், சிகிச்சையில் உள்ளார்" என்று மட்டுமே இருந்தது. படிப்பவர் என்ன நினைப்பார்? மாத்திரை சாப்பிடுகிறார், நன்றாக இருக்கிறார் என்றுதான். அதே மருத்துவரிடம் போய் இன்னும் மூன்று வரி எழுதித் தருமாறு கேட்டோம். பாதங்களில் உணர்வு இல்லை, ஏணியில் ஏற முடியாது, பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. நோயும் அதுவே, ஆளும் அவரே. மேல்முறையீடு அனுமதிக்கப்பட்டது.

இனி உங்கள் அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். அரசு மருத்துவர் பரிசோதித்த அன்று, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று அவர் கேட்டபோது அம்மா என்ன பதில் சொன்னார்? "கடவுள் புண்ணியத்தில் பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன். நம் வீட்டுப் பெண்கள் அப்படித்தான் வளர்ந்திருக்கிறார்கள். வெளியாள் முன்னால் குறை சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். அன்று காலை நீங்கள் அவருக்குத் தலை பின்னி, நல்ல புடவை கட்டிவிட்டு, பொட்டு வைத்து அழைத்துப் போயிருப்பீர்கள். மருத்துவர் கண்டது பொட்டும் புடவையுமாக வந்த, பரவாயில்லை என்று சொன்ன ஒரு பெண்மணியை. அந்தப் புடவையைக் கட்டிவிட்டது யார் என்று அவர் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. பொய் சொல்லச் சொல்லவில்லை. உண்மையை முழுதாகச் சொல்லுங்கள் என்கிறேன்.

அதைச் சொல்வதற்கு இப்போது ஒரு வழி இருக்கிறது. நீங்கள் ஒரு சத்தியப் பிரமாணப் பத்திரம் எழுதுங்கள். அம்மாவின் ஒரு சாதாரண நாளைக் காலை முதல் இரவு வரை அதில் விவரியுங்கள். ஊசியில் நூல் கோக்க எத்தனை முறை முயன்று விட்டுவிடுகிறார், தேநீர்க் கோப்பையை எந்தக் கையில் பிடிக்கிறார், எத்தனை முறை தவறி விழுந்திருக்கிறது, டாக்சியில் ஏறி இறங்க யார் துணை, கடையில் அவர் சொல்வது புரியாமல் எத்தனை பேர் திரும்பக் கேட்கிறார்கள், மருந்து டப்பாவை யார் திறந்து கொடுக்கிறார்கள். "மிகவும் கஷ்டப்படுகிறார்" என்று எழுதாதீர்கள், அது எதையும் காட்டாது. எண்களும் பொருட்களும் காட்டும். எழுதியதைக் கையெழுத்திடாமல் போலீஸ் நிலையத்துக்கு எடுத்துப் போய், அங்கே அதிகாரியின் முன்னிலையில் பிரமாணம் செய்து கையெழுத்திடுங்கள். அதற்கும் காசு வாங்கமாட்டார்கள்.

பக்கவாதத்துக்குச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் புதிய கடிதம் கேளுங்கள். கை எவ்வளவு செயல்படுகிறது, இது எவ்வளவு காலம் நீடிக்கும், தையல் மெஷின் வேலைக்குத் திரும்ப முடியுமா, வேறு வேலை ஏதாவது செய்ய முடியுமா என்ற நான்கையும் அவர் தொட்டால் போதும். பிசியோதெரபியோ பேச்சுப் பயிற்சியோ எடுத்தால் அந்தக் குறிப்புகளும் வேண்டும். அந்த நிபுணர்கள்தான் கையின் பலத்தை அளந்து எழுதி வைத்திருப்பார்கள். தொழிற்சாலையிடமும் ஒரு கடிதம் வாங்குங்கள்: என்ன வேலை, எத்தனை வருடம், ஏன் தொடர முடியவில்லை. 24 வருடம் ஒரே கைத்தொழில் செய்த 53 வயதுப் பெண்மணி, ஓடாத வலது கையோடும் குழறும் பேச்சோடும் வேறெந்த வேலைக்குப் போவார் என்பதைத் தீர்ப்பாயம் எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணிப் பார்ப்பதற்கான தாளை நீங்கள் கொடுக்க வேண்டும்.

மறுப்புக் கடிதத்தில் ஒரே வரிக் காரணம்தான் இருக்கிறது என்றால், விரிவான காரணத்தை எழுத்தில் கேட்கலாம். நியாயமான நிர்வாக நடவடிக்கை அரசியல் சாசனத்தின் 33-ஆம் பிரிவு தரும் உரிமை, 2000-ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டம் அதற்கு வழி வகுக்கிறது. பரிசோதித்த மருத்துவர் நிரப்பிய படிவத்தின் நகலையும் கேளுங்கள். அதில் இருக்கும் தவறு பல சமயம் கண்ணில் அறைந்தாற்போல் தெரியும். வலது கை என்பதற்கு இடது கை என்றுகூட எழுதியிருப்பதைக் கண்டிருக்கிறேன். ஆனால் பதில் வரட்டும் என்று காத்திருந்து 90 நாளைத் தாண்டிவிடாதீர்கள். மேல்முறையீட்டை முதலில் அனுப்பிவிடுங்கள், பின்னால் வரும் தாளைச் சேர்த்துக்கொள்ளலாம். கொடுக்கும் ஒவ்வொன்றுக்கும் தேதியிட்ட ரசீது வாங்குங்கள்.

மேல்முறையீடு போகும் இடம் சமூக உதவி மேல்முறையீடுகளுக்கான சுயேச்சைத் தீர்ப்பாயம். அது சாஸாவின் பகுதி இல்லை. மருத்துவக் காரண வழக்குகளில் சட்டம் படித்தவர் ஒருவர், மருத்துவர் ஒருவர், பொதுச் சமூகத்திலிருந்து ஒருவர் என்று அமர்வார்கள். பெரும்பாலும் தாள்களைப் படித்தே முடிவெடுக்கிறார்கள். அதனால்தான் வாதாடும் வக்கீலைவிட நன்றாக எழுதிய கோப்பு இங்கே பெரிது என்கிறேன். எங்கே, எப்படி அனுப்புவது என்பது உங்கள் நிராகரிப்புக் கடிதத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாஸாவின் இலவச எண் 0800 60 10 11.

தனியே எழுதப் பயமாக இருந்தால், அரசின் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்காவின் ஆலோசனை எண் 0800 110 110. இதற்கும் கட்டணமில்லை. டர்பனில் குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் சட்ட உதவி மையமும், பொதுநல வழக்குகளை நடத்தும் லீகல் ரிசோர்சஸ் சென்டரும் இருக்கின்றன. 1955-ல் பெண்கள் தொடங்கிய பிளாக் சாஷ் அமைப்பு உதவித்தொகை விஷயங்களில் பல காலம் உழைத்தது, அவர்களிடமும் ஆலோசனை கேட்கலாம். எங்கே போனாலும் நிராகரிப்புக் கடிதம், விண்ணப்ப ரசீது, மருத்துவத் தாள்கள், அடையாள அட்டை ஆகியவற்றின் நகலோடு போங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

வழக்கறிஞர் நிச்சயம் வேண்டும் என்று நான் சொல்லும் கட்டம் வேறு. தீர்ப்பாயமும் மறுத்துவிட்டால் உயர் நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்கலாம். தாமதமின்றிக் கேட்க வேண்டும், 180 நாள் அதற்கு உச்ச வரம்பு. அங்கே சட்டம் தெரிந்தவர் இல்லாமல் நிற்கக்கூடாது. பல மாதமாகத் தீர்ப்பாயத்திலிருந்து பதிலே வராவிட்டாலும் வழக்கறிஞர் வேண்டும், கிடைத்துவந்த உதவித்தொகை முன்னறிவிப்பில்லாமல் நின்றாலும் வேண்டும். ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தைச் சேர்ந்த திருமதி இஞ்சோங்கி 1989 முதல் இந்த உதவித்தொகையைப் பெற்றுவந்தார். 1997-ல் அது நிறுத்தப்பட்டது. பாக்கிக்காக அரசோடு வழக்காடி, 2008-ல் அரசியல் சாசன நீதிமன்றத்தில் வென்றார். அந்த உயரத்துக்கு வழக்கு போனால் சட்ட உதவி மையங்களே முன்னின்று நடத்தக்கூடும். தனியார் வழக்கறிஞரை அமர்த்துவதானால் கட்டணத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் வருங்கால வைப்பு நிதி பிடித்திருந்தால், வேலை செய்ய முடியாமல் போனதற்கான பலன் அதில் உண்டா என்று நிதி அலுவலகத்தைக் கேளுங்கள். அது தனி உரிமை, சாஸாவின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பெரிய தொகையாக வந்தால் வருமானச் சோதனையில் சொல்ல வேண்டியிருக்கும், மறைக்காதீர்கள்.

உதவித்தொகை கிடைத்ததும் அது தற்காலிகமா நிரந்தரமா என்று பாருங்கள். ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு என்றால், முடியும் மாதத்தை நாட்காட்டியில் குறித்து, அதற்கு முன்பே மறுபரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். குளிக்கவும் உடுத்தவும் உண்ணவும் அம்மாவுக்கு முழுநேரமும் ஒருவர் உடனிருக்க வேண்டிய நிலை என்றால், பராமரிப்புத் துணைத்தொகை என்று தனியாக ஒன்று இருக்கிறது. தானாக வராது, கேட்டு விண்ணப்பித்தால்தான் கிடைக்கும்.