மூணு மாசமா ட்ரை பண்றேன், லூசிட் ட்ரீம் வரவே இல்ல, எங்கிட்ட ஏதாவது குறை இருக்கா டாக்டர்?

கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனில வேலை பாக்குற 26 வயசு தம்பி கேட்டிருக்கார். லூசிட் ட்ரீம்னா கனவு காணும்போதே இது கனவுன்னு தெரியுறது. ராத்திரி 12.30-க்கு படுக்குறாராம், கம்பெனி பஸ் புடிக்க 6.15-க்கு எழுந்திரிக்கணும். வீடியோல சொன்னாங்கன்னு 4.30-க்கு அலாரம் வெச்சு எழுந்து, அரை மணி நேரம் போன்ல அதப்பத்தியே படிச்சிட்டு மறுபடி படுக்குறார். இது நிஜமா கனவான்னு சோதிக்க, பகல்ல முப்பது தடவ மூக்க புடிச்சு மூச்சு வருதான்னு பாக்குறார், விரல எண்ணுறார். ஒரு ஆன்லைன் கோர்ஸுக்கு 2,999 ரூபா கட்டியிருக்கார், அவங்களே இப்ப ஒரு மாத்திரையும் வாங்க சொல்றாங்களாம். மூணு மாசத்துல ஒரே ஒரு தடவ, கனவுல பழைய ஸ்கூல் வராண்டால நிக்கும்போது "அட இது கனவாச்சே"ன்னு தோணுச்சு, தோணின அடுத்த செகண்டே முழிப்பு வந்துடுச்சு, அதனால அதையும் ஃபெயில்னு எழுதி வெச்சிருக்கார். கேள்வி இதுதான்: என் மூளைக்கு இது வராதா?

தம்பி, வந்துடுச்சே! கனவுக்குள்ள இருக்கும்போதே இது கனவுன்னு தெரியுறதுக்குப் பேர்தான் லூசிட் ட்ரீம். பறக்கணும், நினைச்ச எடத்துக்குப் போகணும், கனவ இஷ்டத்துக்கு வளைக்கணும்ங்கறதெல்லாம் அதுக்கப்புறம் வர்ற விஷயம், அது வராம வெறும் "இது கனவு"ங்கற நினைப்பு மட்டும் வந்தாலும் கணக்குல சேரும். மொதல் தடவ சந்தோஷத்துலயே முழிச்சிடறது ரொம்ப பேருக்கு நடக்குறதுதான். அடுத்த தடவ வந்தா குதிக்காதீங்க, கனவுக்குள்ளயே ரெண்டு கையையும் சேத்து தேய்ங்க, இல்லன்னா பக்கத்துல இருக்குற சுவத்த தொட்டுப் பாருங்க, கவனம் கனவுலயே நிக்கும், கொஞ்ச நேரம் கூட கிடைக்கும். ஆக குறைன்னு ஒண்ணும் இல்ல. இருக்குற ஒரே குறை தூக்கம்.

உங்க கணக்கையே பாருங்க. 12.30-ல இருந்து 4.30, நாலு மணி நேரம். திரும்ப படுக்குறப்ப 5 மணி, போன் வெளிச்சம் பாத்த கண்ணு, தூக்கம் புடிக்கவே அரை மணி ஆகும், 6.15-க்கு பஸ் அலாரம். மொத்தத்துல அஞ்சு மணி நேரம் தூங்கினாலே பெரிசு. நல்லா தெளிவா கனவு வர்றது பெரும்பாலும் ரெம்ங்கற தூக்கத்துல, அதாவது மூடின இமைக்குள்ள கண்ணு வேகமா ஓடிட்டிருக்குற நேரம். தூங்கி ஒண்ணரை மணி நேரத்துல மொதல் தடவ வரும், அது சில நிமிஷம்தான். அப்புறம் ஏறக்குறைய ஒண்ணரை மணிக்கு ஒரு தடவ வந்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீளும், விடியக்காலைல அரை மணி நேரம் கூட ஓடும். நீங்க அந்த கடைசிப் பகுதிய பஸ்ஸுக்கு குடுத்துட்டு, மிச்சத்தையும் அலாரம் வெச்சு உடைச்சிட்டு, கனவு வரலன்னு கேக்குறீங்க. கனவு வர்ற நேரத்துல நீங்க படுக்கையிலேயே இல்ல!

பகல்ல மூக்க புடிக்கிறத பத்தி. 2017-ல ஆஸ்திரேலியால டென்ஹோம் ஆஸ்பிங்கற ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஆய்வுல, அந்த பகல் சோதனைய மட்டும் செஞ்சவங்களுக்கு பெரிசா பலன் கிடைக்கல. அதோட, அஞ்சு மணி நேரம் தூங்கி எழுந்து, "அடுத்த தடவ கனவு வரும்போது இது கனவுன்னு எனக்கு ஞாபகம் வரணும்"னு மனசுல சொல்லிக்கிட்டே திரும்ப தூங்குறதையும் சேத்து செஞ்சவங்களுக்குத்தான் வந்துச்சு, அவங்களுக்கே ஒரு வாரத்துல முயற்சி பண்ண ராத்திரிகள்ல 17 சதவீதம்தான். ஆறு ராத்திரிக்கு ஒண்ணு. ஆனா சொல்லிக்கிட்டு அஞ்சு நிமிஷத்துக்குள்ள தூங்கிப்போனவங்களுக்கு கிட்டத்தட்ட 46 சதவீதம். இதுல உங்களுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், எழுந்தப்புறம் சீக்கிரமா திரும்ப தூங்கணும். போன் எடுத்தா அந்த அஞ்சு நிமிஷம் போச்சு.

இப்ப அந்த கோர்ஸ், மாத்திரை. எனக்கு இதுல கோவம் வருது, மறைக்கல. இந்த மனசுல சொல்லிக்கிற முறைய உண்டாக்கினவர் ஸ்டீஃபன் லபெர்ஜ், அமெரிக்கால ஸ்டான்ஃபோர்ட்ல இருந்தவர், 1980 வாக்குலயே எழுதி வெச்சாச்சு. அதுக்கும் முன்னாடி 1975-ல இங்கிலாந்துல ஹல் யூனிவர்சிட்டில கீத் ஹெர்ன், தூங்கிட்டிருந்த ஒருத்தர் கனவுக்குள்ள இருந்தே முன்கூட்டி பேசி வெச்ச மாதிரி கண்ண இடமும் வலமும் அசைச்சத மெஷின்ல பதிவு பண்ணி காட்டினார். இதெல்லாம் யார் வேணா சும்மா படிச்சு தெரிஞ்சுக்கலாம், அதப்போய் "ரகசிய டெக்னிக், 21 நாள் சேலஞ்ச்"னு வித்து, வரலன்னா "உங்க எனர்ஜி சரியில்ல, அடுத்த லெவல் கோர்ஸ் சேருங்க"ன்னு சொல்றாங்க. உடம்ப விட்டு ஆவி வெளிய போகும்னு கலந்து சொல்றவங்க கிட்ட ஒரு பைசா குடுக்காதீங்க. லூசிட் ட்ரீம் வர வைக்கும்னு ஹெட்ஃபோன்ல கேக்க சொல்ற ஆடியோவும் அதே கதை, ராத்திரி பூரா காதுல ஓடினா தூக்கம்தான் கெடும்.

உங்களுக்கு சொன்ன மாத்திரைல கேலன்டமின் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அது அல்சைமர் மறதி நோய்க்கு டாக்டர் பாத்து குடுக்குற மருந்து. 2018-ல 121 பேர வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, மருந்தே இல்லாத டம்மி மாத்திரைக்கு 14 சதவீதம் பேருக்கு, 4 மில்லிகிராமுக்கு 27, 8 மில்லிகிராமுக்கு 42-ன்னு லூசிட் ட்ரீம் கூடுச்சு, அது உண்மை, விக்கிறவங்க அந்த நம்பர மட்டும் காட்டுவாங்க. அந்த 121 பேரும் ஏற்கனவே இதுல ஆர்வமா பயிற்சி எடுத்தவங்க, கனவு நல்லா ஞாபகம் இருக்குறவங்கங்கறத சொல்ல மாட்டாங்க. இது இதயத் துடிப்ப குறைக்கும், வாந்தி வரும், ஆஸ்துமா இருந்தா ஆபத்து. இப்படி ஒரு மருந்த சீட்டு இல்லாம, டப்பால என்ன இருக்குன்னே தெரியாம, வாட்ஸாப்ல ஆர்டர் எடுத்து வீட்டுக்கு அனுப்புறான், தடுக்க யாரும் இல்ல. எங்க பக்கத்துலயும் தப்பு இருக்கு, எம்.பி.பி.எஸ் படிப்புல தூக்கத்த பத்தி சொல்லிக்குடுக்குறது ரொம்ப கொஞ்சம், நீங்களே எழுதியிருக்கீங்க, உள்ளூர் டாக்டர்கிட்ட கேட்டதுக்கு ரெண்டு நிமிஷத்துல தூக்க மாத்திரை எழுதினார்னு. எத்தன மணிக்கு படுக்குறீங்கன்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். வைத்தியத்துல அந்த கேள்விக்கு நேரம் இல்லாததாலதான் ஜனங்க கோர்ஸ் விக்கிறவன்கிட்ட போய் நிக்குறாங்க.

அஞ்சு மணி நேரம் கழிச்சு எழுந்திரிக்கிற கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது, உங்க ரூம்மேட் நைட் ஷிஃப்டுன்னு சொன்னதால இத விரிவா சொல்றேன். ரெம் தூக்கம் படுத்த நேரத்த மட்டும் பாத்து வர்றதில்ல, உடம்போட கடிகாரத்தையும் பாக்கும், விடியக்காலைல இருந்து காலை வரைக்கும் அது ரொம்ப சுலபமா வரும். அதனால நைட் ஷிஃப்ட் முடிஞ்சு காலைல 8 மணிக்கு படுக்குறவருக்கு கனவு தூக்கத்தோட ஆரம்பத்துலயே வந்துடும், அஞ்சு மணி கழிச்சுன்னு ஒரு மணிக்கு அலாரம் வெச்சா அதுக்குள்ள நல்ல பகுதி போயிருக்கும், மத்தியான வெயிலு, ரோட்டுச் சத்தம், திரும்ப தூக்கமும் வராது. அவர் அலாரமே வெக்க வேணாம், படுக்கும்போதே மனசுல சொல்லிக்கிட்டு படுத்தா போதும், இடையில தானா முழிப்பு வந்தா இன்னொரு தடவ சொல்லிக்கலாம். வாரா வாரம் ஷிஃப்ட் மாறுறவங்க மாறின வாரத்துல இத தொடவே வேணாம், உடம்பு எந்த ஊர் நேரத்துல இருக்குன்னே அதுக்கு தெரியாது. ரெண்டு வாரமாவது ஒரே ஷிஃப்ட்ல இருக்கும்போது பாக்கலாம். இப்படி வாரா வாரம் ஆளுங்கள மாத்திப் போடுற கம்பெனிங்க, ஒரு தடவயாவது ஒரு தூக்க டாக்டர கூப்ட்டு கேட்டிருக்கலாம்.

எழுந்து திரும்ப தூங்கும்போது கை கால் அசையாம, நெஞ்சுல யாரோ உக்காந்த மாதிரி இருந்தா பயப்படாதீங்க. ஊர்ல அமுக்குவான் பேய்னு சொல்லுவாங்களே அதுதான், கனவு நேரத்துல உடம்பு அசையாம இருக்கணும்னு மூளை போட்ட பூட்டு, முழிப்பு வந்தும் திறக்க கொஞ்சம் லேட் ஆகுது, சில நிமிஷத்துக்குள்ள போயிடும். மனநோய்க்கு மருந்து சாப்பிடுறவங்க மட்டும் அவங்க டாக்டர கேக்காம இதுல இறங்க வேணாம்.

நீங்க செய்ய வேண்டியது. வேலை நாள்ல அலாரம் வேண்டாம், 11 மணிக்கு படுங்க, தலமாட்டுல ஒரு நோட்டு, காலைல கண்ண திறந்ததும் அசையாம படுத்தபடியே என்ன கனவுன்னு யோசிச்சு ரெண்டு வரி எழுதுங்க, ஒண்ணும் ஞாபகம் இல்லன்னா அதையும் எழுதுங்க. சனிக்கிழமை ராத்திரி மட்டும் 11-க்கு படுத்து 4 மணிக்கு அலாரம், போன கையில எடுக்காம இருக்க ஒரு பழைய டைம்பீஸ் வாங்கிக்கோங்க. எழுந்து பாத்ரூம் போய்ட்டு வந்து, பத்து நிமிஷத்துல திரும்ப படுத்து, கடைசியா வந்த கனவ நினைச்சு, அதுக்குள்ள "இது கனவு"ன்னு கண்டுபுடிக்கிற மாதிரி மனசுல ஓட்டிக்கிட்டே தூங்குங்க, எட்டு மணி வரைக்கும் யாரும் எழுப்ப வேணாம்னு ரூம்மேட்கிட்ட சொல்லி வைங்க. உங்களுக்கு ஏற்கனவே அந்த ஸ்கூல் வராண்டா வந்திருக்கே, அதையே நினைச்சுக்கோங்க. கோர்ஸ்காரங்க சொல்ற மாத்திரைய வாங்காதீங்க.