பாதியில் நின்றால் அசல் சான்றிதழ் கிடைக்குமா?

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் +2 முடித்து, ஒரு சமுதாயக் கல்லூரியில் ஓராண்டு கேட்டரிங் டிப்ளமோவில் ஆகஸ்டில் சேர்ந்தாள். கட்டணம் 28,000 ரூபாயில் 18,000 கட்டியாயிற்று. பிராக்டிகல் வகுப்பே நடப்பதில்லை. முகூர்த்த நாள் வந்தால் 'இன்டர்ன்ஷிப்' என்று ஓட்டலுக்கு அனுப்பிப் பரிமாற வைக்கிறார்கள். நிறுத்திவிடலாம் என்றால், பாக்கி 10,000 கட்டினால்தான் டி.சி.யும் மார்க் ஷீட்டும் தருவார்களாம். சேர்த்துவிட்ட புரோக்கரோ, "நான் வாங்கித் தருகிறேன், நேரே டிகிரி இரண்டாம் ஆண்டில் சேர்த்தும் விடுகிறேன்" என்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, புதுவயல்

பதில்: முதல் வேலையாக அந்தப் புரோக்கரிடம் பேசுவதை நிறுத்துங்கள். உங்கள் பெண்ணைச் சேர்த்ததற்குக் கமிஷன் பார்த்தவர், எடுத்துவிடுவதற்கும் இன்னொரு இடத்தில் சேர்ப்பதற்கும் மறுபடி பார்ப்பார். காரைக்குடி, தேவகோட்டை பஸ் ஸ்டாண்டுகளைச் சுற்றி ஜூன் மாதம் நோட்டீஸ் கொடுக்கிற இவர்களுக்கு, டிசம்பரில் பிள்ளை என்ன படிக்கிறது என்பது தெரியவே தெரியாது.

அசல் சான்றிதழுக்கு வருவோம். 10, +2 மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் இவற்றின் அசலைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளவே கூடாது. சேர்க்கையன்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 அக்டோபரில் அறிவித்தது. சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல, கட்டணப் பாக்கிக்காகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. பாக்கி உண்மையிலேயே இருந்தால் அதைக் கல்லூரி தனியாகத்தான் கேட்க வேண்டும். இவ்வளவும் இருந்தும் அலுவலக அலமாரியில் கட்டுக் கட்டாக அசல்கள் தூங்குகின்றன. யாரும் எழுதிக் கேட்பதில்லை, அவ்வளவுதான் காரணம்.

எனவே எழுதிக் கேளுங்கள். கல்லூரி முதல்வர் பெயருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும்: "சேர்க்கையின்போது ஒப்படைத்த கீழ்க்கண்ட அசல் சான்றிதழ்களைத் திருப்பித் தரக் கோருகிறேன்." கீழே ஒவ்வொரு சான்றிதழின் பெயர், எண், ஒப்படைத்த தேதி. கையெழுத்து உங்கள் பெண்ணுடையதாக இருக்கட்டும். நேரில் கொடுத்தால் நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் சண்டை வேண்டாம், ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நகலை, தேர்வு நடத்தும் பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்கும் அனுப்புங்கள். பாதி இடங்களில் இந்த இரண்டாவது நகலே காரியத்தை முடித்துவிடும்.

டி.சி. மட்டும் வேறு கதை. இதைத்தான் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். பள்ளி கொடுத்த டி.சி.யைக் கல்லூரி வாங்கிக் கோப்பில் வைப்பது வழக்கம்தான், அது திரும்ப வராது. நீங்கள் கேட்க வேண்டியது, கல்லூரி தன் பெயரில் புதிதாகக் கொடுக்கும் டி.சி. அதற்கு 'நோ டியூ', அதாவது பாக்கி எதுவும் இல்லை என்ற சான்று கேட்பார்கள். நூலகப் புத்தகம், லேப் சாமான், யூனிபார்ம் எல்லாம் அதில் வரும். ஆகவே மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் ஒரே கடிதத்தில் கேட்காதீர்கள். கேட்டால் "நோ டியூ முடியட்டும்" என்று இரண்டையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள். மார்க் ஷீட் கைக்கு வந்த பிறகு டி.சி.க்குத் தனிக் கடிதம். டி.சி. வந்ததும் அங்கேயே நின்று பாருங்கள்: பெயர், பிறந்த தேதி பள்ளி டி.சி.யில் இருந்தபடியே இருக்கிறதா, விலகிய தேதி சரியா, 'படிப்பை முடித்தார்' என்று பழக்கதோஷத்தில் அடித்திருக்கிறார்களா என்று. தப்பாக வந்தால் அடுத்த கல்லூரியில் திருப்பி அனுப்புவார்கள்.

"தொலைந்துவிட்டது என்று மனு போட்டு டூப்ளிகேட் எடுக்கலாம்" என்று புரோக்கர் அடுத்துச் சொல்வார். கேட்காதீர்கள். அசல் கல்லூரியில் இருக்கும்போது காணோம் என்று போலீசில் எழுதிக் கொடுத்தால் அது பொய்ப் புகார், கையெழுத்து உங்கள் பெண்ணுடையது. 'நேரே இரண்டாம் ஆண்டு' என்பதும் அப்படித்தான். முடிக்காத டிப்ளமோவை வைத்து யார் சேர்ப்பார்கள்? முடித்திருந்தாலும், அந்த டிகிரியைத் தரும் பல்கலைக்கழகம் எழுத்தில் சொன்னால்தான் உண்டு.

கட்டிய பணம்? யுஜிசி அட்டவணைப்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பிறகு 15 நாளுக்குள் விலகினால் 80 சதவீதம், 30 நாளுக்குள் 50, அதற்கு மேல் எதுவும் இல்லை. நீங்கள் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டீர்கள். காஷன் டெபாசிட் (படிப்பு முடிந்ததும் திருப்பித் தரும் வைப்புத் தொகை) கட்டியிருந்தால் அதை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் நிறுத்துவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். வாசலில் இருக்கும் போர்டை விடுங்கள். தேர்வு நடத்தி மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடுவது யார்? அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் என்றால், பாதி தூரம் வந்த பிறகு இறங்குவதைவிட முடிப்பது லாபம். யுஜிசி வகுத்த ஓராண்டு டிப்ளமோவில் 60 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் புள்ளி). அதில் 36 தொழில்திறனுக்கு. அதனால் பிராக்டிகல் நடத்தாமல் சும்மா தள்ள முடியாது. பாடத்திட்டத்தில் இருக்கும் பிராக்டிகல் பட்டியலையும் நடக்காத நாட்களையும் குறித்து, கல்லூரியின் மாணவர் குறைதீர்க் குழுவுக்குக் கொடுங்கள். 2023 விதிப்படி 15 வேலை நாளில் அவர்கள் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. பல இடங்களில் இந்தக் குழு நோட்டீஸ் போர்டில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது என்பது வேறு விஷயம். தபாலில் போனால் அதற்கும் உயிர் வரும்.

இன்டர்ன்ஷிப்புக்கு லாக் புக் போடச் சொல்லுங்கள். தேதி, நேரம், எந்தப் பிரிவில் நின்றாள், என்ன செய்தாள், ஓட்டல்காரர் கையெழுத்து. அன்றன்றைக்கே எழுத வேண்டும். மொய் நோட்டை அடுத்த வாரம் உட்கார்ந்து எழுதினால் கணக்கு நிற்குமா? கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளில் நடக்கும் ஓட்டல்களில் கற்க நிறைய இருக்கிறது: ஸ்டோர் இண்டென்ட் (சமையலுக்கு வேண்டிய சரக்குப் பட்டியல்) எழுதுவது, ஐம்பது பேருக்கு மசாலா அளவு கட்டுவது, மிச்சத்தைத் தேதி ஒட்டிக் குளிரில் வைப்பது. ஆனால் அதற்குச் சமையற்கட்டுக்குள் விட வேண்டும். பத்து நாள் லாக் புக்கிலும் 'பந்தி பரிமாறல்' என்றே இருந்தால், வேறு விளக்கம் இல்லாமல் அந்த நோட்டே புகாராகிவிடும்.

எதற்கும் மசியவில்லை என்றால் சிவகங்கை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் கிடைப்பார்.

கடைசியாக ஒன்று. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வர வேண்டும். தொலைநிலை, திறந்தநிலைப் படிப்பு என்றால் கிடையாது. இன்னும் வரவில்லை என்றால் கல்லூரியில் அதைப் பார்க்கும் அலுவலரிடம், விவரம் பதிவேற்றியாயிற்றா, எந்த வங்கிக் கணக்கு என்று கேளுங்கள். இதற்கு யாருக்கும் ஒரு ரூபாய் தர வேண்டியதில்லை.