சோள மாவும் தண்ணீரும்: கேளுங்கள், சொல்கிறேன்

கடையில் கார்ன்ஃப்ளார் என்று கேட்டால் தருவார்களே, கையில் நறநறக்கும் அந்த வெள்ளை மாவைப் பற்றித்தான் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். தண்ணீரில் கலந்தால் மெல்லத் தொடும்போது இளகியும், குத்தும்போது இறுகியும் வித்தை காட்டும். மஞ்சள் மக்காச்சோள மாவு வேறு, அதில் இந்த வித்தை நடக்காது.

கேள்வி: சார், பையன் கிண்ணத்தில் கலக்கி வைத்திருக்கிறான். விரலை மெல்ல விட்டால் உள்ளே போகிறது, குத்தினால் கல் மாதிரி இருக்கிறது. எப்படி?

பதில்: பச்சைத் தண்ணீரில் இந்த மாவு கரைவதே இல்லை. சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. 5 முதல் 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) அளவுள்ள மாவு மணிகள், நெருக்கியடித்துக்கொண்டு தண்ணீருக்குள் தனித்தனியாக நிற்கின்றன. விரல் மெல்ல வந்தால் விலகி வழிவிட அவற்றுக்கு நேரம் கிடைக்கிறது. ஓங்கிக் குத்தினால் இடையிலுள்ள தண்ணீர்ப் படலம் பிதுங்கி, மணியோடு மணி உரசிப் பூட்டிக்கொள்கிறது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் மெல்ல நடந்தால் புகுந்து போய்விடலாம், முட்டித் தள்ளினால் முடியாது, அதுபோலத்தான். கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் உருட்டச் சொல்லுங்கள். உருட்டும்வரை உருண்டை, நிறுத்தினால் விரலிடுக்கில் வழிந்துவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி!

கேள்வி: அதன்மேல் ஆள் ஓடுவதாகச் சொல்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான். ஓடலாம், நின்றால் அமிழ்ந்துவிடுவோம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் வைட்டுகைட்டிஸ், ஜேகர் இருவரும் இந்தக் கலவையில் ஒரு தடியை அடித்துப் பார்த்து 2012-இல் ஆய்வை வெளியிட்டார்கள். அடி விழுந்த இடத்துக்குக் கீழே மணிகள் ஒன்றுகூடிக் கெட்டிப்பட்டு, அந்தக் கெட்டி சட்டென்று வளர்ந்துகொண்டே போகிறது. ஓடுபவரின் காலைத் தாங்குவது அதுதான்.

கேள்வி: எனக்குப் பால் மாதிரிதான் வருகிறது.

பதில்: தண்ணீர் கூடிவிட்டது. 1 கப் தண்ணீருக்கு 2 கப் மாவு வரை பிடிக்கும். வேகமாகக் கிளறும்போது கரண்டியை இழுத்துப் பிடித்து, மேல்பரப்பு பளபளப்பு போய் வறண்டதுபோல் தெரிந்தால் அதுதான் பதம்.

கேள்வி: அண்ணா, சூப்பில் போட்டால் கட்டி கட்டியாகிறது.

பதில்: கொதிக்கும் சூப்பில் மாவை அப்படியே தூவினால் ஒவ்வொரு கட்டியின் மேல்தோலும் உடனே வெந்து பசையாகிவிடும், தண்ணீர் உள்ளே போகாது. பிட்டுப் பாருங்கள், நடுவில் காய்ந்த மாவு இருக்கும். முதலில் பச்சைத் தண்ணீரில் கலக்குங்கள். சும்மா வைத்தால் அடியில் படிந்துவிடும், அதனால் ஊற்றும் முன் மறுபடி அடிவரை கலக்குங்கள். 62 முதல் 72 டிகிரிக்குள் மணிகள் தண்ணீரைக் குடித்து வீங்கும், சூப் கெட்டியாகும். உடனே அடுப்பை அணைக்காமல் ஒரு நிமிடம் கொதிக்க விட்டால் பச்சை வாசனை போய்விடும். அப்புறம், சூப்பை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சையைப் பிழியுங்கள். புளிப்போடு நெடுநேரம் கொதித்தால் நீர்த்துவிடும்.

கேள்வி: குத்தினால் கெட்டியாகும் அந்த வித்தை மைதாவில் வருமா?

பதில்: வராது. அதிலுள்ள புரதம் இழையோடிப் பிசைந்த மாவாகிவிடும். உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சில் வரும்.

கேள்வி: விளையாடி முடித்ததும் சிங்கில் கொட்டலாமா அக்கா என்று தங்கை கேட்கிறாள்.

பதில்: வேண்டவே வேண்டாம். குழாய் வளைவில் படிந்து இறுகிவிடும், வெந்நீர் ஊற்றினால் அங்கேயே பசை காய்ச்சியதாகிவிடும். ஒரு ராத்திரி அசையாமல் வையுங்கள். மேலே தெளிந்த தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் உள்ள மாவைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.