வீட்டுக்குப் பின்னால் கிரீன் பெல்ட்: எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. ஹாரோவில் பத்து வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு, 2016இல் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் பக்கம் ஒரு வீடு வாங்கினோம். பின்வேலிக்கு அங்கால் குதிரை மேயும் வயல். "அது கிரீன் பெல்ட், நகரம் பரவாமல் இருக்க ஒதுக்கிய நிலம், ஒரு நாளும் கட்ட விடமாட்டார்கள்" என்று வீடு காட்டிய ஏஜென்ட் சொன்னார். இப்போது அந்த வயலில் 120 வீடு கட்ட விண்ணப்பம் வந்திருப்பதாகக் கவுன்சிலில் இருந்து கடிதம் வந்திருக்கிறது. அயலவர்கள் எதிர்ப்பு மனுவோடு வீடு வீடாக வருகிறார்கள். நாட்டில் பெரும்பாலானோர் கிரீன் பெல்ட்டில் கட்டுவதை எதிர்க்கிறார்கள் என்று கருத்துக்கணிப்பே இருக்கிறதாம், அதனால் கவுன்சில் நிராகரித்தே தீருமாம். உண்மையா? இன்னொன்று. என் மகனுக்கு 29 வயது. வேலை இருக்கிறது, வீடு வாங்க வழியில்லை, எங்களோடுதான் இருக்கிறான். கையெழுத்துப் போட மனம் வரவில்லை. போடாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது. என்ன செய்ய?

பதில்: கவுன்சில் தலைகளை எண்ணுவதில்லை. முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 400 பேர் கையெழுத்திட்ட மனு, திட்டமிடல் அதிகாரியின் அறிக்கையில் பெரும்பாலும் ஒரே வரியாகத்தான் வரும்: "400 கையெழுத்துகளுடன் ஒரு மனு பெறப்பட்டது." அதே அறிக்கையில், மழைநீர் எங்கே போகும் என்று யாரோ ஒருவர் எழுதிய ஒற்றைக் கடிதத்துக்கு இரண்டு பத்தி பதில் இருக்கும். இருபது வருடமாக இந்த அறிக்கைகளோடுதான் என் பிழைப்பு. முதலில் கவுன்சில் மேசையில் இருந்து எழுதினேன், இப்போது வெளியில் இருந்து வாசிக்கிறேன். இந்த வழக்கம் மட்டும் மாறவில்லை.

அயலவர்கள் சொல்லும் கருத்துக்கணிப்பு பொய்யில்லை. 1926இல் தொடங்கிய சி.பி.ஆர்.இ. என்ற கிராமப்புறப் பாதுகாப்பு அமைப்புக்காக 2015இல் இப்சோஸ் மோரி நிறுவனம் எடுத்த கணிப்பில், இங்கிலாந்தில் 64 சதவீதம் பேர் கிரீன் பெல்ட் நிலத்தை அப்படியே வைத்திருக்க வேண்டும், கட்டக்கூடாது என்றார்கள். மறுத்தவர்கள் 17 சதவீதம். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் பதிலும் திரும்பும். "உங்கள் பகுதியில் கூடுதலாக வீடுகள் கட்டுவதை ஆதரிக்கிறீர்களா" என்று பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வில் கேட்டபோது, 2010இல் 28 சதவீதமாக இருந்த ஆதரவு 2014இல் 56 ஆனது. இடைப்பட்ட நான்கு வருடத்தில் வீட்டுப் பிரச்சினை பலருடைய சொந்த வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது, உங்கள் மகனைப் போல.

"கிரீன் பெல்ட்" என்றதும் ஆளுக்கு என்ன படம் மனதில் வருகிறது என்பதும் முக்கியம். காடு, ஓடை, மான். அந்தப் பெயரே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ஊர்க்கூட்டங்களில் நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: இங்கிலாந்தின் நிலத்தில் எவ்வளவு கட்டடமும் தெருவுமாக இருக்கும்? பாதி என்பார்கள், குறைத்துச் சொல்பவர்கள் மூன்றில் ஒன்று என்பார்கள். அரசின் நிலப் பயன்பாட்டுக் கணக்கில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கிரீன் பெல்ட்டோ எட்டில் ஒரு பங்கு. இங்கிலாந்தில் பத்துக்கும் மேற்பட்ட பெல்ட்டுகள். லண்டனைச் சுற்றியுள்ளது மட்டுமே லண்டனைப் போல மூன்று மடங்கு பரப்பு. அதில் பெரும்பகுதி வயல். அழகான இடங்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. டொட்டன்ஹாமில் மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் நிலையமும் அதற்குள் இருந்தது. 2024 தேர்தலுக்கு முன் தொழிற்கட்சிக்காரர்கள் மேடை மேடையாகச் சொன்ன உதாரணம் அது.

அழகுக்காகவோ பறவைகளுக்காகவோ போட்ட கோடு இல்லை இது. நகரம் வெளியே பரவாமல் இருக்கப் போட்டது. 1938இல் லண்டனுக்கென்று ஒரு சட்டம் வந்தது, 1955இல் அமைச்சர் டங்கன் சாண்டிஸின் சுற்றறிக்கை அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. இன்றைக்கும் கொள்கையில் ஐந்து நோக்கங்கள்தான் எழுதியிருக்கிறது: பெருநகரம் பரவுவதைத் தடுப்பது, பக்கத்துப் பக்கத்து நகரங்கள் ஒட்டிப்போகாமல் பார்ப்பது, நாட்டுப்புறத்துக்குள் கட்டடம் நுழையாமல் காப்பது, பழம்பெரும் ஊர்களின் தோற்றத்தைக் காப்பது, நகருக்குள் பாழாய்க் கிடக்கும் நிலத்தை மறுபடி பயன்படுத்த வைப்பது. பொதுமக்கள் நடந்து போகும் உரிமைகூட அதில் சேராது. உங்கள் வயலில் பொது நடைபாதை பதிவாகியிருந்தால் மட்டும் அந்தப் பாதையில் போகலாம்.

சரி, உங்கள் வயலுக்கு வருவோம். 2024 டிசம்பரில் தேசியத் திட்டமிடல் கொள்கை மாறியது. அதற்கு முன்பென்றால் கிரீன் பெல்ட்டில் 120 வீடு என்றாலே டெவலப்பர் "மிகச் சிறப்பான சூழ்நிலை" இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். பெரும்பாலும் அங்கேயே விழுந்துவிடும். இப்போது நடுவில் "கிரே பெல்ட்" என்று ஒன்று வந்திருக்கிறது. முன்பே கட்டடம் இருந்த இடமோ வெறும் நிலமோ, மேலே சொன்ன ஐந்தில் மூன்றுக்கு அது வலுவாக உதவவில்லை என்றால் கிரே பெல்ட். அந்த மூன்று: நகரப் பரவல், நகரங்கள் ஒட்டுவது, பழம்பெரும் ஊர்த் தோற்றம். நாட்டுப்புறத்தைக் காப்பது அந்த மூன்றில் இல்லை. பலர் தவறவிடும் இடம் இதுதான். "இது அருமையான திறந்த வெளி" என்று பத்துப் பக்கம் எழுதினாலும், இந்தச் சோதனையில் அது நிற்காது.

2025 பெப்ரவரியில் வந்த வழிகாட்டுதல் இன்னும் கொஞ்சம் இறுக்கியது: ஒட்டுவது என்றால் நகரங்கள் ஒட்டுவதுதான், கிராமங்கள் கணக்கில் வராது. உங்கள் ஊர் கிராமமா நகரமா என்பதிலேயே பாதி வாதம் முடிந்துபோகலாம். வரைபடத்தை எடுத்து வயலின் நாலு பக்கமும் பாருங்கள். இரண்டு பக்கம் வீடு, ஒரு பக்கம் பெருந்தெரு என்றால் அது கிரே பெல்ட் ஆக நல்ல வாய்ப்பு. உங்கள் கவுன்சிலிடம் ஐந்து வருடத்துக்குத் தேவையான வீட்டு நிலம் கைவசம் இல்லையென்றால் டெவலப்பரின் கை இன்னும் ஓங்கும்.

அந்த வழியில் அனுமதி வாங்க டெவலப்பர் மூன்று "பொன் விதிகளை"க் கடைப்பிடிக்க வேண்டும். பள்ளி, கிளினிக், தெரு போன்ற வசதிக்குப் பங்களிப்பு, மக்கள் நடந்து போகக்கூடிய பசுமைவெளி, அப்புறம் கட்டுப்படியாகும் விலை வீடுகள். கடைசியை நன்றாகப் பாருங்கள். கவுன்சில் வழக்கமாகக் கேட்பதைவிட 15 புள்ளி கூடுதலாக, அதிகபட்சம் 50 சதவீதம் வரை கொடுக்க வேண்டும். உங்கள் கவுன்சில் 30 கேட்பதாக வைத்துக்கொண்டால் இங்கே 45. அதாவது 120இல் 54 வீடு. விண்ணப்பத்தில் அந்த எண் என்ன போட்டிருக்கிறது, எத்தனை வாடகைக்கு, எத்தனை பங்கு உரிமையில் (ஒரு பங்கை வாங்கி மீதிக்கு வாடகை கட்டுவது) என்று தேடிப் பாருங்கள். மனுவோடு வரும் அயலவரிடம் அந்த எண் இருக்காது.

இனி எழுதுவது எப்படி என்று சொல்கிறேன். வழக்கமாக 21 நாள் தருவார்கள். கடைசித் தேதி கடிதத்திலும், விளக்குக் கம்பத்தில் கட்டியிருக்கும் அறிவிப்பிலும் இருக்கும். நாள் கடந்து வருவதையும் பல கவுன்சில்கள் பார்ப்பதுண்டு, அதை நம்பி இருக்காதீர்கள். வீட்டு விலை குறையும், ஜன்னல் காட்சி போய்விடும், டெவலப்பர் பேராசைக்காரர், ஏஜென்ட் அப்படிச் சொன்னார் - இவை எதையும் சட்டப்படி கணக்கில் எடுக்க முடியாது. (ஏஜென்ட் விஷயத்தை விட்டுவிடுங்கள். வாங்கும்போது சொலிசிட்டர் எடுக்கும் கவுன்சில் தேடலும் நீங்கள் வாங்கும் வீட்டைப் பற்றியதுதான், பக்கத்து வயலைப் பற்றியது இல்லை.) கணக்கில் வருபவை: சந்தியில் போக்குவரத்து, வெள்ளம், வடிகால், உங்கள் தோட்டத்துக்குள் நேரே பார்க்கும் மாடி ஜன்னல்கள், வெளிச்சம் மறைவது, பழைய மரங்கள், அப்புறம் இந்த நிலம் உண்மையில் கிரே பெல்ட்தானா என்பது. "ஜீபியிடம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது" என்பதை எல்லோரும் எழுதுவார்கள். அது கணக்கில் வரும், ஆனால் டெவலப்பர் பணம் கட்டி அதைச் சரிசெய்யலாம் என்றுதான் பெரும்பாலும் முடியும். ஆகவே "பணம் எவ்வளவு, எந்த கிளினிக்குக்கு, முதல் வீட்டில் ஆள் குடியேறும் முன்பா பின்பா" என்று கேளுங்கள். உங்கள் பெயரும் முகவரியும் கவுன்சில் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வரும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கவுன்சிலில் நான் இருந்தபோது, இதே போல ஒரு வயல், கவுன்சிலர்கள் கூடி விண்ணப்பத்தை முடிவுசெய்யும் கமிட்டி இரவு. மண்டபம் நிறைந்திருந்தது, அட்டைகள், கைதட்டல். எதிர்ப்புக்குழுவின் தலைவருக்குக் கொடுத்த மூன்று நிமிடத்தையும் அவர் "நம் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு" என்று பேசியே முடித்தார். அடுத்து ஒரு வயதான அம்மா எழுந்தார். பேச்சு வரவில்லை. மருந்துக்கடையில் பிரின்ட் போட்ட மூன்று படங்களை நீட்டினார். தன் கேட்டடியில் கணுக்கால் அளவு தண்ணீர். ஒவ்வொன்றின் பின்னாலும் பேனாவால் தேதி, மூன்றும் வெவ்வேறு குளிர்காலம். டெவலப்பரின் வெள்ள அறிக்கையோ அந்த இடத்தில் தண்ணீர் தேங்கியதாகப் பதிவே இல்லை என்றிருந்தது. கமிட்டி அன்றைக்கு முடிவெடுக்கவில்லை, தள்ளிவைத்தது. ஐந்து மாதம் கழித்து வீட்டு எண்ணிக்கை குறைந்து, கீழ்ப்பக்கத்தில் ஒரு குளத்தோடு திட்டம் திரும்ப வந்தது.

கமிட்டி உறுப்பினர்களும் தேர்தலில் நின்று வருபவர்கள்தான், மண்டபத்துக் கூட்டம் அவர்கள் கண்ணில் படாமல் இல்லை. ஆனால் சரியான காரணமில்லாமல் நிராகரித்தால் டெவலப்பர் மேல்முறையீட்டுக்குப் போவார். அங்கே அரசு நியமிக்கும் திட்டமிடல் இன்ஸ்பெக்டர் அனுமதி கொடுத்து, செலவையும் கவுன்சில் தலையில் கட்டலாம். அது உங்கள் கவுன்சில் டாக்ஸ். மறுபக்கம், கவுன்சில் அனுமதித்துவிட்டால் உங்களுக்கோ அயலவருக்கோ மேல்முறையீட்டு உரிமை கிடையாது. சட்டத்தவறு இருந்தால் ஆறு வாரத்துக்குள் நீதிமன்றம் போகலாம், அதற்குப் பணம் வேண்டும்.

அப்படியானால் பொதுமக்கள் கருத்துக்கு மதிப்பே இல்லையா? உண்டு, ஒரு தனி விண்ணப்பத்தைவிட மேலே. 2021 ஜூனில் செஷம் - அமர்ஷம் இடைத்தேர்தலில், 16,223 வாக்கு வித்தியாசத்தில் கன்சர்வேட்டிவ் கையில் இருந்த தொகுதியை லிபரல் டெமாக்ரட் சாரா கிரீன் 8,028 வித்தியாசத்தில் பிடித்தார். அதிவேக ரயில்பாதையும் புதிய திட்டமிடல் சட்டமும் அங்கே பெரிய பேச்சு. அந்தச் சட்டத் திருத்தம் பிறகு கிடப்பில் போனது. 2024இல் வந்த தொழிற்கட்சி அரசு 15 லட்சம் வீடு என்று சொல்லி எதிர்த்திசையில் போகிறது. உள்ளூரில் என்றால் எங்கே என்ன கட்டலாம் என்று கவுன்சில் வகுக்கும் லோக்கல் பிளான். எந்த வயல் பெல்ட்டில் இருந்து வெளியே வரும், எது உள்ளே நிற்கும் என்று அங்கேதான் கோடு மாற்றுவார்கள். அதற்கான கருத்துக்கேட்பு வரும்போது ஊரில் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. விளக்குக் கம்பத்தில் நோட்டீஸ் ஏறிய பிறகுதான் ஓடி வருகிறார்கள். உங்கள் கவுன்சிலின் பிளான் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

இந்தக் கணிப்புகளையும் மனுக்களையும் பற்றி எனக்கொரு குறை உண்டு. மனு ஏற்கெனவே வீடு உள்ளவரின் கதவைத்தான் தட்டுகிறது. வரப்போகும் 120 வீட்டில் இருக்கப்போகிறவர்கள் இன்றைக்கு லூட்டனில் அறை வாடகைக்கோ, அம்மா வீட்டுச் சின்ன அறையிலோ இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் பேனாவை நீட்டுவதில்லை.

ஆகவே, வாசிக்காத மனுவில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம் என்பது என் யோசனை. போடாததால் உங்கள் வீட்டுக்கு ஒன்றும் நடந்துவிடாது. அயலவரிடம் "நான் தனியாக எழுதுகிறேன்" என்று சொல்லுங்கள், பெரும்பாலும் சங்கடம் அதோடு தீரும். எழுதும்போது முழு எதிர்ப்பு அல்லது முழு ஆதரவு என்று இருக்கத் தேவையில்லை. "வீடு தேவை, ஆனால் என் வேலிக்குப் பக்கத்து வரிசை மூன்று மாடியாக வேண்டாம், நடுவில் மரவரிசை வேண்டும், 45 சதவீதத்தைக் குறைக்கக் கூடாது" என்று எழுதலாம். அதிகாரிக்கு மிகவும் உதவுவது அப்படிப்பட்ட கடிதம், ஏனென்றால் அதை அப்படியே அனுமதியின் நிபந்தனையாக மாற்றப் பார்க்கலாம்.

மகனையும் எழுதச் சொல்லுங்கள். ஒரே வீட்டில் இருந்து இரண்டு கடிதம் போகலாம், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகவும் இருக்கலாம். அதற்குத் தடையில்லை.