அமெரிக்கப் பூங்காக்களில் பழைய நாணயம் தேடுவது: கேள்வி பதில்

கேள்வி: நியூ ஜெர்சிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறோம். வீட்டுக்கு அருகில் பழைய பூங்கா ஒன்று இருக்கிறது. மெட்டல் டிடெக்டருடன் அங்கே நேராகப் போய்த் தேடலாமா?

கேட்காமல் போக வேண்டாம். பூங்கா பொதுமக்களுடையதுதான் என்றாலும், அது நகராட்சியின் பொறுப்பில் இருக்கலாம், கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற அமைப்பு) பொறுப்பில் இருக்கலாம், மாநிலத்தின் பொறுப்பிலும் இருக்கலாம். விதிகள் இடத்துக்கு இடம் மாறும். நியூயார்க் நகரம் அனுமதிச் சீட்டு கேட்கிறது. வேறு சில ஊர்களில் முழுத் தடையே உண்டு. தேசியப் பூங்காக்களில் கருவியை இயக்கும் நிலையில் கையில் வைத்திருப்பதே குற்றம். கூட்டாட்சி அரசின் நிலங்களில் கிடைக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருட்களுக்கு 1979ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையான பாதுகாப்பு அளிக்கிறது. பூங்கா அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, அவர்கள் அனுப்பும் பதிலை அச்சிட்டுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அவ்வளவு பெரிய புல்வெளியில் எங்கிருந்து தொடங்குவது?

மக்கள் எங்கே உட்கார்ந்தார்கள், எங்கே குனிந்தார்கள், எங்கே காசை எடுத்துக் கொடுத்தார்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பெரிய மரங்களின் நிழல், இசை மேடை இருந்த இடத்தின் சுற்றுப்புறம், பழைய பேஸ்பால் திடலின் ஓரம், குழந்தைகள் பனியில் சறுக்கி விளையாடிய சரிவு ஆகியவை நல்ல இடங்கள். உள்ளூர் நூலகத்தில் இருக்கும் பழைய வரைபடங்களையும் செய்தித்தாள்களையும் புரட்டினால், இன்று வெறும் புல்லாகத் தெரியும் இடத்தில் ஒரு காலத்தில் கடைவரிசை இருந்தது தெரியவரும். கருவியை மாற்றுவதைவிட இந்தப் படிப்பே அதிகப் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் மேலே புதுமண் கொட்டி மேடாக்கிய பகுதியில், பழைய காசு கருவிக்கு எட்டாத ஆழத்துக்குப் போயிருக்கும்.

கேள்வி: கிடைத்த காசு வெள்ளியா என்று எப்படி அறிவது?

ஆண்டைப் பாருங்கள். புழக்கத்துக்காக அச்சிட்ட பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் நாணயங்களில் 1964 வரை 90 விழுக்காடு வெள்ளி இருந்தது. 1965இல் வந்த நாணயச் சட்டம் முதல் இரண்டிலிருந்து வெள்ளியை அறவே நீக்கியது. அரை டாலரில் மட்டும் 1970 வரை 40 விழுக்காடு நீடித்தது. ஐந்து சென்ட் நாணயத்தில் வழக்கமாக வெள்ளி கிடையாது. போர்க்காலத்தில், 1942இன் பிற்பகுதி முதல் 1945 வரை அச்சானவற்றில் மட்டும் 35 விழுக்காடு உண்டு. அவற்றின் பின்புறத்தில் உள்ள மாளிகைப் படத்தின் கூரைக்கு மேல் பெரிய எழுத்து ஒன்று இருக்கும். ஒரு சென்ட் காசுகளில், பின்புறம் கோதுமைக் கதிர் கொண்டவை 1909 முதல் 1958 வரையிலானவை. அரிதானதும் சில வேளை அகப்படும்: 1916இல் டென்வரில் அச்சான ‘மெர்க்குரி’ என்று அழைக்கப்படும் வகைப் பத்து சென்ட் மொத்தமே 2,64,000தான்.

கேள்வி: தோண்டும்போதெல்லாம் சோடா டின்னின் வளையமே வருகிறது, ஐயா. இதைத் தவிர்க்க வழியே இல்லையா?

முற்றிலும் தவிர்க்க முடியாது. கருவியின் சுருள் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அதனால் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அதன் எதிரொலியைத்தான் கருவி எண்ணாகவும் ஒலியாகவும் காட்டுகிறது. அந்த எண் பொருளின் கடத்துதிறனையும் உருவத்தையும் பொறுத்ததே தவிர, மதிப்பைப் பொறுத்ததன்று. அதனால் அலுமினிய வளையமும், ஐந்து சென்ட் காசும், சிறிய தங்க மோதிரமும் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து நிற்கும். வளையத்தை ஒதுக்கும்படி கருவியை அமைத்தால் மற்ற இரண்டையும் சேர்த்தே இழப்பீர்கள். வெள்ளி நல்ல கடத்தி என்பதால் உயர்ந்த, தெளிவான ஒலி தரும். தொடக்கத்தில் அந்த ஒலியை மட்டும் தேடித் தோண்டுங்கள். இரண்டு திசைகளிலிருந்து வீசிப் பார்த்தும் ஒலி மாறாமல் நின்றால் பெரும்பாலும் காசுதான். இதே தத்துவத்தில் அமைந்த கருவியைக் கொண்டு, 1881இல் சுடப்பட்ட அதிபர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேடினார் அலெக்சாண்டர் கிரகாம் பெல். கார்ஃபீல்ட் படுத்திருந்த மெத்தையின் எஃகுக் கம்பிகள் ஒலியைக் குழப்பின. வேண்டாத உலோகத்தின் தொல்லை இந்தக் கருவியுடனேயே பிறந்தது என்று சொல்லலாம்.

கேள்வி: யாரும் புதைக்காத காசு எப்படி அவ்வளவு ஆழம் போகிறது?

மண்புழுக்கள் கீழ்மண்ணை மேலே கொண்டுவந்து தள்ளுவதால் மேலே கிடக்கும் பொருள்கள் மெல்ல இறங்குகின்றன. டார்வின் இதை 1881இல் விரிவாக எழுதியிருக்கிறார். காய்ந்த புல்லும் மேலே படிந்து மண்ணாகிறது. ஆனாலும் பழைய காசு பெரும்பாலும் ஒரு சாணுக்குள்தான் கிடைக்கும்.

கேள்வி: தோண்டிய தடம் தெரியாமல் மூடுவது எப்படி?

இந்தக் கேள்வியை இன்னும் பலர் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஒருவர் விட்டுப்போகும் குழியில் ஒரு குழந்தையின் கால் மடங்கினால், அடுத்த மாதமே அந்த ஊரில் எல்லோருக்கும் தடை வந்துவிடும், அது நியாயமும்கூட. பின்பாயிண்டர் எனப்படும், உலோகம் இருக்கும் புள்ளியைக் காட்டும் கை அளவுக் கருவியால் இடத்தை முதலில் குறுக்குங்கள். புல்லை மூன்று பக்கம் மட்டும் ஆழமாக வெட்டி, நான்காம் பக்கத்தை விட்டுவிட்டு, கதவைத் திறப்பதுபோல் வேரோடு மடியுங்கள். எடுத்த மண்ணைத் துணியில் கொட்டி, ஒரு துளியும் புல்மேல் சிந்தாமல் திரும்ப இட்டு, அழுத்தி மிதித்து, தண்ணீர் ஊற்றுங்கள். கடுங்கோடையில் நிலம் வெடித்திருக்கும்போது வெட்டிய புல் பிழைக்காது. மழை பெய்யும்வரை பொறுத்திருங்கள்.

கேள்வி: மண் படிந்த காசைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

கூடாது. புளி மட்டுமல்ல, பற்பசை, சாம்பல், எலுமிச்சை எதுவும் வேண்டாம். தேய்த்த கீறல் நிரந்தரமானது. சேகரிப்பவர்கள் அதைக் கண்டதும் விலையைப் பாதிக்குமேல் குறைத்துவிடுவார்கள். வெள்ளிக் காசைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். செப்புக் காசுக்கு அதுவும் அளவோடுதான்.

கேள்வி: மதுரையிலிருந்து எழுதுகிறேன். இங்கே இதைச் செய்ய முடியுமா?

அமெரிக்க வழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, மண்ணுக்குள் மறைந்திருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும், அதன் தன்மை, மதிப்பு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவதற்குத் தனிச் சட்டமே தடை விதிக்கிறது. கரூரில் அமராவதி ஆற்று மணலில் சங்ககாலக் காசுகளும் ரோமானியக் காசுகளும் கிடைத்த நாடு நம்முடையது. இடமும் ஆழமும் குறிக்கப்படாமல் எடுத்துவிட்ட காசு வரலாற்றுக்குப் பாதி இழப்பாகும். ஆகவே கருவியோடு இறங்காதீர்கள். தற்செயலாகக் கண்ணில் படுவதையும் எடுத்த இடத்தைக் குறித்துக்கொண்டு ஆட்சியருக்குத் தெரிவியுங்கள்.