ரிப்போர்ட் நார்மல், ஆனா முடியல: கேள்வி பதில்

ஆரம்ப சுகாதார நிலையத்துல 27 வருஷம் செவிலியரா இருந்தவ நான். நீங்க கேட்டதுக்கு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

மாஸ்டர் ஹெல்த் செக்கப்ல எல்லாம் நார்மல். ஆனா காலையில எந்திரிக்கும்போதே அசதி. நான் ஆரோக்கியமா இருக்கேனா, இல்லையா? (சென்னை, 38 வயது)

நீங்க எப்படித் தூங்குறீங்க, யார்கிட்ட மனசு விட்டுப் பேசுறீங்கன்னு அந்த ரிப்போர்ட்டுக்குத் தெரியாது. 1948-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தோட சாசனமே, நோய் இல்லாம இருக்கிறது மட்டும் போதாது, உடல், மனம், சமூக வாழ்வு மூணும் நல்லா இருக்கிறதுதான் ஆரோக்கியம்னு சொல்லுது. முதல்ல தூக்கத்தைப் பாருங்க. ஏழு மணி நேரம் தூங்கியும் அசதின்னா, குறட்டை விடுறீங்களான்னு வீட்ல கேளுங்க. நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதுன்னா டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும். ரத்தப் பரிசோதனையில அது தெரியாது. தைராய்டு, பி12 ரெண்டும் அந்த பேக்கேஜ்ல இருந்துச்சான்னும் பாத்துக்கோங்க.

தினமும் பத்தாயிரம் அடி நடந்தே ஆகணுமா? (மதுரை)

வேண்டாம். அது 1960-கள்ல ஜப்பான்ல வித்த ஒரு அடி எண்ணும் கருவியோட பேர்ல இருந்து பரவின கணக்கு. வாரத்துக்கு 150 நிமிஷம் கொஞ்சம் மூச்சு வாங்குற மாதிரி நடந்தாலே நல்ல பலன் உண்டு.

அப்பா தவறி எட்டு மாசம் ஆகுது. அம்மா ஊர்ல தனியா இருக்காங்க. மாத்திரை ஒழுங்கா போட்டும் சுகர் ஏறுது. டோஸ் கூட்டணுமா? (கோவை)

டோஸை டாக்டர் முடிவு பண்ணட்டும்மா. அதுக்கு முன்னாடி அம்மாவோட அடுப்படியை ஒரு தடவை போய்ப் பாருங்க. இதே மாதிரி ஒரு அம்மாவுக்கு மூணு மாச சராசரி சர்க்கரை (HbA1c) 7 சதவீதத்துல இருந்து 9-க்குப் போயிருச்சு. வீட்டுக்குப் போனேன். அடுப்பு பத்த வச்ச அடையாளமே இல்ல, டப்பா நிறைய வர்க்கி. "எனக்கு ஒருத்திக்கு என்னத்த ஆக்குறது"ன்னாங்க. மூணு வேளையும் டீயும் வர்க்கியும்தான். சாமி படத்துக்குப் பின்னாடி பேப்பர் துண்டுல அரை அரை மாத்திரையா மடிச்சு வச்சிருந்தாங்க. மகனுக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு உடைச்சுப் போட்டிருக்காங்க. துக்கம், தனிமை, பணக் கவலை எல்லாம் சேர்ந்து சர்க்கரையா வந்து நின்னுச்சு. இதுல டோஸை மட்டும் கூட்டி என்ன பண்றது?

பக்கத்து வீட்டம்மாவோட சேர்ந்து ராத்திரி சமையல் ஆரம்பிச்சாங்க. மாத்திரையை அரசுல இலவசமா வாங்க ஏற்பாடு பண்ணோம். 2021-ல் இருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே கொண்டு வந்து தர்றாங்க, உங்க அம்மாவுக்கும் கேட்டுப் பாருங்க. சாப்பிடாம சுகர் மாத்திரை போட்டா சிலருக்கு வேர்த்து நடுங்கும். அப்போ உடனே சர்க்கரைத் தண்ணி குடிக்கச் சொல்லி வைங்க.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்ல. ஆன்மிக ஆரோக்கியம்னு ஒண்ணு சொல்றாங்களே, அது எனக்குக் குறையா? (திருச்சி)

இல்லவே இல்ல. எதுக்காக வாழுறோம்னு உங்களுக்குன்னு ஒரு பிடிப்பு இருந்தா அதுவே போதும். செடி வளர்க்கிறதா இருக்கலாம், தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தர்றதா இருக்கலாம்.

பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டர். ஒரு மாசமா எதுலயும் பிடிப்பு இல்ல, பசி இல்ல. மனநல டாக்டர்கிட்ட போனா பைத்தியம்னு பேசுவாங்களோன்னு பயமா இருக்கு. (திருப்பூர், 29 வயது)

தம்பி, சோறு இறங்காம, பிடிச்சதுகூடப் பிடிக்காம ரெண்டு வாரத்துக்கு மேல போனா அது சோம்பேறித்தனம் இல்ல, வைத்தியம் பாக்க வேண்டிய விஷயம். நீங்க ஒரு மாசம் பொறுத்துட்டீங்க. 14416-க்குக் கூப்பிடுங்க. அரசோட டெலி மானஸ் சேவை அது, காசு இல்ல, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். செத்துடலாம்னு நினைப்பு வந்தா ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க, அப்பவே கூப்பிடுங்க, இல்ல பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. மாவட்ட அரசு மருத்துவமனையிலயும் மனநலப் பிரிவு இருக்கு. தனியாப் போகத் தயக்கமா இருந்தா, கூட வேலை பாக்குற நம்பிக்கையான ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க.