கவுன்சிலர் 'தம்பி' என்று கூப்பிட்டால்...

(ஊர்க் கேள்விகள் பகுதி. பதில் சொல்பவர் வட ஆற்காட்டு நகராட்சி அலுவலகங்களில் மன்றப் பிரிவு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், ஊர் விஷயத்தை இணையத்தில் எழுதுகிறவர்களிடமிருந்து.)

கேள்வி: எங்கள் வார்டின் தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் பற்றி வலைப்பதிவிலும் முகநூலிலும் எழுதி வருகிறேன். முதலில் முறைத்துக்கொண்டு போன கவுன்சிலர் இப்போது 'தம்பி' என்கிறார். பூமி பூஜைக்குக் கூப்பிடுகிறார். 'இதை எழுதுப்பா' என்று அவரே தகவலும் தருகிறார். நண்பர்கள் நான் விலை போய்விட்டதாகச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
- காந்திநகர் வாசகர், காட்பாடி

பூமி பூஜைக்குப் போய் வாருங்கள், தம்பி. என்ன வேலை, எந்தத் திட்டத்தில், எத்தனை லட்சம் என்பதெல்லாம் அங்கே வைக்கிற பேனரில்தான் முதலில் தெரியவரும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து வேலை முடிந்ததும் பேனர் இருக்காது.

அவர் ஏன் உங்களைத் தேடுகிறார் என்று யோசித்தீர்களா? வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு மாநகராட்சி என்றால் ஒரே ஆள் மாதிரி தெரியும். உள்ளே அப்படி இல்லை. வேலூர் 2008ல் மாநகராட்சி ஆனது. இப்போது 60 வார்டு, 4 மண்டலம். 60 பேரும் கூடித் தீர்மானம் போடலாம். ஆனால் ஒரு கவுன்சிலர் தனியாகக் கையெழுத்துப் போட்டு ஒரு பல்பை மாற்ற முடியாது. மதிப்பீடு தயாரிப்பது பொறியாளர். நிறைவேற்றுகிற அதிகாரம் ஆணையரிடம். ஆணையர் மாற்றலாகிப் போய்விடுவார். கவுன்சிலர் அதே தெருவில்தான் குடியிருக்க வேண்டும். தண்ணீர் வராவிட்டால் காலி குடம் அவர் வீட்டு வாசலுக்குத்தான் வரும். மேயர் சொன்னால் நடக்காதா என்பீர்கள். 2011ல் வேலூர் மக்கள் மேயரை நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். 2022ல் தேர்ந்தெடுத்தது கவுன்சிலர்கள். 60 பேரில் எல்லாருக்கும் முதலில் ரோடு போட எந்த மேயராலும் ஆகாது.

ஆக, கவுன்சிலருக்கு அதிகாரிகளை அசைக்க வெளியிலிருந்து ஒரு சத்தம் வேண்டும். என் காலத்தில் அந்தச் சத்தம் பத்திரிகை. காலையில் வந்ததும் என் முதல் வேலை பேப்பர் பார்ப்பது. நம் நகராட்சி பற்றிய செய்தியைக் கத்தரித்து, வெள்ளைத் தாளில் ஒட்டி, பேப்பர் பெயரும் தேதியும் எழுதி, ஆணையர் மேசைக்கு அனுப்ப வேண்டும். அவர் ஓரத்தில் 'உடன் அறிக்கை' என்று எழுதுவார். அது பொறியியல் பிரிவுக்குப் போகும். ஒரு உறுப்பினர் இருந்தார். முந்தின நாள் சாயங்காலம் டீக்கடையில் நிருபரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, மறுநாள் மன்றக் கூட்டத்தில் அதே செய்தியைத் தூக்கிக் காட்டி, 'இன்னா சார், பேப்பர்லயே வந்துட்டுது, இன்னும் பார்த்துனு கீறீங்களே' என்பார். செய்தி எங்கிருந்து போனது என்று கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் வேலை நடக்கும்.

அந்த நிருபர் இடத்தில் இப்போது நீங்கள். இதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் யாருடைய சண்டையை நீங்கள் சுமக்கிறீர்கள் என்று தெரிந்து சுமக்க வேண்டும். கவுன்சிலர் 'உதவிப் பொறியாளர் வேலையே செய்யறதில்லை' என்று சொன்னால், அந்தப் பொறியாளருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். 'பில் பாஸ் பண்ணச் சொல்லி நெருக்கினார், நான் முடியாதென்றேன், அதுதான் கோபம்' என்று அவர் பக்கம் ஒரு கதை இருக்கலாம். பொய்யாகவும் இருக்கலாம். இரண்டையும் கேட்டு, தாளையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். பொறியாளரும் ஒரு நாள் உங்களைத் தேடுவார், கவுன்சிலரைப் பற்றிச் சொல்ல. அன்றைக்கும் இதே முறைதான்.

டீ குடிப்பதால் யாரும் விலை போய்விட மாட்டார்கள். பொங்கல் வாழ்த்து விளம்பரம் என்று பணம் கொடுத்தால் யோசியுங்கள். வாங்கினால் அது விளம்பரம் என்று வாசகருக்குத் தெரிகிற மாதிரி போடுங்கள். அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் வாங்காதீர்கள். நண்பர்களுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

கேள்வி: மனு கொடுத்தால் மாதக்கணக்கில் பதில் இல்லை. குழியைப் படம் எடுத்துப் போட்டால் இரண்டே நாளில் மூடுகிறார்கள். இனி மனு எதற்கு?
- வாசகி, சத்துவாச்சாரி

2022ல் நம் ஊரில் நடந்தது நினைவிருக்கும். காளிகாம்பாள் கோயில் தெருவில் நிறுத்தியிருந்த மோட்டார் பைக்கை நகர்த்தாமல், சக்கரத்தோடு சேர்த்து சிமெண்ட் ரோடு போட்டார்கள். அப்புறம் உங்கள் சத்துவாச்சாரியிலேயே அடிபம்பு ஒன்றை உள்ளே வைத்துக் கால்வாய்க்குக் கான்கிரீட் போட்டார்கள். படம் நாடு முழுக்கச் சுற்றியது. அதிகாரிகள் ஓடி வந்தார்கள். யாரும் மனு எழுதி வரிசையில் நிற்கவில்லை. படத்துக்கு அந்தப் பலம் உண்டு, மறுக்க மாட்டேன்.

ஆனால் உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். மண்டலத்தில் குழி மூட இருப்பது பெரும்பாலும் ஒரே கேங், ஒரே வண்டி. படம் வந்த தெருவுக்கு அவர்கள் போனால், பட்டியலில் முதலில் இருந்த தெரு காத்திருக்கும். அந்தத் தெருவில் உங்களை மாதிரி எழுதுகிற ஆள் இல்லை, அவ்வளவுதான். இன்னொன்று, படத்துக்குப் பயந்து மூடுகிற குழியில் ஜல்லியைக் கொட்டி மிதித்துவிட்டுப் போவார்கள். ஒரு மழை தாங்காது. படம் போய் அடுத்த படம் வந்துவிடும்; அலுவலகத்தில் ஒரு சுவடும் இருக்காது.

மனு அப்படியில்லை. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்வு நாளில் உங்கள் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசிலேயே கொடுக்கலாம். மனுவுக்கு எண் விழும். எண் விழுந்த தாளுக்கு யாராவது பதில் எழுதியே ஆக வேண்டும். பதில் 'உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்றுதான் வரும். நானே அந்த வாக்கியத்தை எழுதியெழுதிக் கை மரத்துப்போனவன். வரட்டும். தேதியோடு கூடிய அந்தப் பதிலையும், அதே இடத்தின் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். வெறும் குழியைப் பார்த்து அலட்டிக்கொள்ளாத அதிகாரி, தன் கையெழுத்துப் போட்ட பொய்யைப் பார்த்தால் நிச்சயம் எழுந்து உட்காருவார்.

பைக் விஷயத்திலேயே பாருங்கள். எல்லாரும் ஒப்பந்ததாரரைக் கிண்டல் செய்தார்கள். ரோடு போட்டால் அளவுப் புத்தகத்தில் நீளம், அகலம், கனம் எழுதி ஒரு பொறியாளர் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கப்புறம்தான் பில். தெருவில் ரோடு போடும்போது மேற்பார்வைக்கு யார் நின்றார் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. சிரிப்புச் சத்தத்தில் அது அமுங்கிப்போனது என்பது என் அபிப்பிராயம்.

தகவல் உரிமைச் சட்டம், 2005ன்படி அந்தப் புத்தகத்தின் நகலைக் கேட்கலாம். 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று: அதே சட்டத்தில் வேலை நடக்கிற இடத்தை நேரில் ஆய்வு செய்யவும், போட்ட பொருளின் மாதிரியைச் சான்றளித்து வாங்கவும் உரிமை இருக்கிறது. சிமெண்ட் கலவையில் மணல் அதிகம் என்று நினைத்தால் கையில் அள்ளி வீடியோ எடுப்பதோடு நிறுத்தாதீர்கள், மாதிரி கேளுங்கள். கேட்ட மறுநாளே ஒப்பந்ததாரர் வீட்டுக்கு வந்தாலும் ஆச்சரியமில்லை. வந்தால் டீ கொடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: நகராட்சி மேல் எழுதினால் அவதூறு வழக்குப் போடுவோம் என்று மிரட்டுகிறார்கள். போட முடியுமா?
- பெயர் வேண்டாம் என்றவர், கொணவட்டம்

நான் வக்கீல் இல்லை. ஆனால் எங்கள் ஆபீசிலேயே இந்தப் பேச்சு வந்தபோது படித்து வைத்த தீர்ப்பு ஒன்று உண்டு. 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதி, அதை நக்கீரன் பத்திரிகை வெளியிடப் போனபோது அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள், அந்த வழக்கு. அரசோ, உள்ளாட்சி அமைப்போ தன்னை அவதூறு செய்ததாக நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட முடியாது என்று அதில் இருக்கிறது. ஆக, 'நகராட்சியின் பெயர் கெட்டுவிட்டது' என்று உங்களிடம் பணம் கேட்க வழியில்லை. அதிகாரிகள் விஷயத்தில், அவர்களுடைய பதவி வேலையைப் பற்றி எழுதியது தவறாகவே இருந்தாலும், உண்மையா பொய்யா என்று கொஞ்சமும் கவலைப்படாமல் எழுதினீர்கள் என்று காட்டினால்தான் நஷ்ட ஈடு. நியாயமான அளவுக்குச் சரிபார்த்தேன் என்று நீங்கள் காட்டினால் போதும். சரிபார்த்ததற்கு அடையாளம் வேண்டுமே. அதனால்தான் போன் செய்த தேதி, கேட்ட தாள் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இது நஷ்ட ஈட்டுக்கு. குற்றவியல் அவதூறு தனி. 2016ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 356வது பிரிவு, இரண்டு வருடம் வரை தண்டனை. 'இந்த ரோட்டில் இத்தனை மீட்டர் குறைகிறது' என்று எழுதுங்கள். 'திருடன்' என்று எழுதாதீர்கள். வீட்டு விவகாரம், இரண்டாவது சம்சாரம் பக்கமே போகாதீர்கள். மேலே சொன்ன தீர்ப்பே அந்தரங்கத்துக்கும் காவல் போட்டிருக்கிறது.

கேள்வி: பிரஸ் கார்டு இல்லாததால் அதிகாரிகள் பேச மறுக்கிறார்கள். கார்டு வாங்க வழி உண்டா?
- சைதாப்பேட்டை வாசகர், வேலூர்

கார்டு எதற்கு? வாக்காளர் அட்டை இருக்கிறதல்லவா. 2022ல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டுக்கும் வார்டு குழு, அதற்குக் கீழே பகுதி சபை. தலைவர் கவுன்சிலர். அந்தப் பகுதி வாக்காளர் யாரும் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தில் ஊரெங்கும் கூட்டினார்கள். உங்கள் பகுதியில் அடுத்தது எப்போது என்று மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். 'இன்னும் முடிவாகலை' என்றால் அதுவே உங்களுக்கு ஒரு செய்தி.

கேள்வி: லைக் அதிகம் வந்தால் ஆணையர் பார்ப்பாரா?
- மாணவர், தொரப்பாடி

லைக்கை அவர் எண்ண மாட்டார். வார்டு எண்ணும் தெருப் பெயரும் இருந்தால் அவர் உதவியாளர் எடுத்து வைப்பார்.

கேள்வி: நான் ஒரு கவுன்சிலர். நிதி வந்தால்தானே ரோடு? பாதாள சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்துக்கும் என்னையே திட்டுகிறான் ஒரு பையன். இவர்களை எப்படிச் சமாளிப்பது?
- வேலூர் மாநகராட்சி உறுப்பினர்

உங்கள் கஷ்டம் புரிகிறது, தலைவரே. வேலூர் 2016ல் ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் வந்ததிலிருந்து எந்தப் பள்ளம் எந்தத் திட்டத்தில் தோண்டியது என்று ஆபீசில் இருக்கிறவர்களுக்கே குழம்பும். பையனுக்கு எப்படித் தெரியும்? அவன் கண்ணுக்குத் தெரிகிற ஒரே முகம் உங்களுடையது.

அவனைச் சமாளிக்க நினைக்காதீர்கள். உங்கள் வார்டில் நடக்கிற வேலைகளின் பட்டியலை, திட்டம், தொகை, ஒப்பந்ததாரர், முடிய வேண்டிய தேதி என்று பொறியியல் பிரிவில் கேட்டு வாங்கி, வார்டு ஆபீஸ் சுவரில் ஒட்டுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் 4வது பிரிவு அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டியவற்றைச் சொல்கிறது. அதைக் காட்டிக் கேட்டால் பிரிவில் மறுப்பது கஷ்டம். முதல் வாரம் அந்தப் பையன் அதை வைத்தே உங்களைக் கிழிப்பான். பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளத்துக்கு எந்தப் பிரிவு பொறுப்பு என்று தெரிந்ததும் அவன் கேள்வி அந்த மேசைக்குப் போகும். நீங்கள் மன்றத்தில் மூன்று முறை எழுந்து கேட்டும் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கலாம். தீர்மான நகல் கேட்டு வந்தால் அலையவிடாமல் கொடுக்கச் சொல்லுங்கள். மன்றப் பிரிவில் அது பத்து நிமிஷ வேலை.